காணாமல்போன பன்னிரண்டு சதவீதம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைக் கேட்கக் கூடாது.

தேவகுமார் என்று ஒரு எழுத்தாளன். அருமனைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், என்னைவிடப் பதினோரு வயது இளையவன், என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். இருபது வருடத்தில் ஒன்பது கதைகள் எழுதியிருக்கிறான். அதே இருபது வருடத்தில் நான் நூற்றுப் பதினாலு எழுதியிருக்கிறேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவனுடைய ஒன்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைப் பார்த்தால், ‘நிறைய எழுதுறீங்க மேடம்’ என்கிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?

போன மாதம் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாயாக்கடையில் வைத்து அவன் இந்தக் கதையைச் சொன்னான். அவனுடைய சித்தி மகள் ஜெஸ்பினுக்கு நடந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவளே அவனிடம் அழுதுகொண்டு சொன்னாளாம். “எழுதிக்கோ, ஆனா என்னைய நல்லவளாக்காத” என்றும் சொன்னாளாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு கதை ஏன் என் சொந்தத்தில் யாருக்கும் நடக்கவில்லை?

“எப்பம் எழுதப்போற?” என்று கேட்டேன்.

“அவசரமில்லக்கா. இது கெடந்து ஊறணும்” என்றான்.

ஊறட்டும். முடிவைச் சொல்ல அவன் வாயைத் திறந்தபோது நான் “பஸ் வந்தாச்சு” என்று எழுந்துவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தில் இருந்த அந்த நிம்மதியை அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். அதனால் கதை என் கையில் இருக்கிறது, முடிவு அவன் கையில் இருக்கிறது. இது தெரிந்தே நீங்கள் மேற்கொண்டு வாசிக்கலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘ஆய்வகத்தின் மூலையில் ஈயத்தால் ஆன அந்தப் பிரம்மாண்டமான’— வேண்டாம். இரண்டாவது வார்த்தையிலேயே வாசகர் ஓடிவிடுவார்.

இரண்டாவது: ‘பொறாமை என்பது’— சீ. ‘என்பது’ என்று தொடங்கும் கதையை நானே வாசிக்க மாட்டேன்.

மூன்றாவது: ‘அபினா திரும்பி வந்த அன்று ஜெஸ்பின் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள்.’

இது இருக்கட்டும்.

அபினா திரும்பி வந்த அன்று ஜெஸ்பின் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். வருகிறாள் என்று தெரியும், ஆனால் மறுநாள்தான் வருவாள் என்று நினைத்திருந்தாள். ஜனவரி ஆறாம் தேதி, காலை பத்து மணி. நாகர்கோவிலில் ஒரு ஆய்வு மையம் (இருக்கிற மையம் எதுவும் இல்லை, நான் கட்டியது). அங்கே காமா சேம்பர் என்கிற இயந்திரத்தைப் பதினைந்து வருடமாக ஓட்டுகிறவள் ஜெஸ்பின். கோபால்ட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆளுயர ஈயம் வைத்து மூடிய இயந்திரம். உள்ளே எதை வைத்தாலும் அதன்மேல் கதிர் படும். கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்குவது, மணி பார்ப்பது, வெளியே எடுப்பது, ரெஜிஸ்டரில் எழுதுவது. இதுதான் அவள் வேலை.

அபினா வாசலில் நின்றாள். குட்டை முடி. தோளில் ஒரு பை. தேங்காய்ப்பட்டணத்து வெயிலில் வளர்ந்த அந்த முகம் இப்போது ஏதோ குளிர் தேசத்துக்காரி முகம் மாதிரி மினுங்கியது.

“ஏட்டி, நீ கொஞ்சங்கூட மாறல்லியே!”

மாறாமல் இருப்பது பெருமையா, கேலியா என்று ஜெஸ்பினுக்குப் பிடிபடவில்லை. எண்ணெய்த் தலையைக் கையால் தடவிக்கொண்டு சிரித்தாள்.

இருவரும் எம்.எஸ்ஸி.யில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. படிப்பு முடிந்தபோது அவர்களுடைய பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. மதிப்பெண்ணில் ஜெஸ்பின் முந்தி. இடம் அபினாவுக்குக் கிடைத்தது. நேர்முகத்தில் ஜெஸ்பின் பதிலை யோசித்துச் சொன்னாள், அபினா உடனே சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெஸ்பின் இந்த வேலைக்கு வந்தாள், எபினைக் கல்யாணம் செய்தாள், ஜினியைப் பெற்றாள். அபினா முனைவர் பட்டம், வெளிநாடு, இன்னொரு வெளிநாடு.

“ஒனக்க கிழட்டு கோபால்ட்டாக்கும் எனக்கு வேண்டியது” என்றாள் அபினா, இயந்திரத்தைச் செல்லமாகத் தட்டி. “அங்க எல்லாம் புது சோர்ஸ், கேட்டியா. எல்லாம் அவசரம். இதமாதிரி மெல்ல மெல்லக் குடுக்குத மெஷினு எனக்கு எங்கயும் கிடைக்கல்ல.”

ஜெஸ்பினுக்கு உள்ளே சுருக்கென்றது. கோபால்ட் தேய்ந்துகொண்டே போகிற சரக்கு. ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பதினைந்து வருடத்தில் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். இந்த நோஞ்சான் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவள் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறாள். அந்த நோஞ்சான்தனமே ஒரு பொக்கிஷம் என்று இத்தனை வருடத்தில் தனக்கு ஏன் தோன்றவில்லை? கடல்தாண்டிப் போனவள் வந்துதான் சொல்ல வேண்டுமா?

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடைசியில் தேவைப்படும். இதை எனக்கு விளக்கியவன் தேவகுமார், அவன் ஜெஸ்பினிடம் கேட்டது. நான் பிறகு கல்லூரியில் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டேன்.)

சைக்ளோஹெக்சேன் என்று ஒரு திரவம். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், பெயின்ட் கடை வாசம் அடிக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. அதை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, முனையை உருக்கி மூடி, காமா கதிரில் வைத்தால் சில மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனை இழந்துவிடும். இழந்தபின் மிச்சம் இருப்பதற்கு ராடிக்கல் என்று பெயர். பாடப்புத்தகத்தில் ‘தனி உறுப்பு’ என்று போட்டிருக்கிறார்கள், அழகான வார்த்தை. அதனிடம் இணை இல்லாத ஒற்றை எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அது சும்மா இருக்காது. யாரையாவது பிடிக்க வேண்டும்.

இரண்டு ராடிக்கல்கள் ஒன்றையொன்று சந்தித்தால் சேர்ந்துகொள்ளும், கதை முடிந்தது. சந்திக்காவிட்டால் அலையும். அலைகிற வழியில் அந்தத் திரவத்தில் கலந்திருக்கும் வேறு எதன்மீதாவது போய் ஒட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மொத்தக் கதிரின் அளவு ஒன்றே. அதை ஒரு மணி நேரத்தில் கொட்டினால் ஒரே சமயத்தில் ஏராளமான ராடிக்கல்கள் பிறக்கும், நெருங்கி நிற்கும், தங்களுக்குள்ளேயே மோதி அடங்கிவிடும். அதே அளவை ஒரு வாரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் எந்த நேரத்திலும் ராடிக்கல்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒன்றையொன்று காணாமல் நெடுநேரம் உயிரோடு அலையும். சம்பந்தமில்லாத எதையாவது பிடிக்கும். ஆகவே கொடுத்தது ஒன்று, கிடைப்பது வேறு. நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. ஒரே நாளில் கொட்டுகிற மழை ஓடையோடு கடலுக்குப் போய்விடும், மாசம் முழுக்கத் தூறுகிற மழை கிணற்றில் இறங்கும்.

அபினா பார்க்க வந்தது இதைத்தான். மெதுவாகக் கொடுத்தால் என்னென்ன கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு இடிக்காமல் வருகிறதா. அடுத்த வருடம் அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்பது அதில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து இருந்தது.

4

ஜெஸ்பின் வீட்டுக்காரர்கள் சர்ச்சில் தருகிற சபைக் காலண்டரைக் கிழித்துப் போட மாட்டார்கள். ஒவ்வொரு மாதத் தாளிலும் மேலே ஒரு வசனம் அச்சடித்திருக்கும். வசனம் உள்ள தாளைக் குப்பையில் போடலாமா? அதனால் தாளை மேலே புரட்டிப் பின்பக்கம் விடுவதோடு சரி. டிசம்பர் முடிந்தால் எல்லாத் தாளையும் இறக்கிவிடுவார்கள், காலண்டர் மறுபடி ஜனவரியைக் காட்டிக்கொண்டு தொங்கும். புதுக் காலண்டர் வந்ததும் அதே ஆணியில் பழையதன் மேலேயே மாட்டுவார்கள். (என்ன வசனம் என்று தேவகுமார் சொல்லவில்லை. பொறாமையைப் பற்றிய வசனமாகப் போட்டுவிடலாமா என்று கை அரித்தது. மலிவு என்று விட்டுவிட்டேன்.)

அதே வழக்கம் ஆய்வகத்திலும். இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் சபைக் காலண்டர். மாதம் பிறந்ததும் ஜெஸ்பின் கதிரின் வேகத்தை அளந்து, மணிக்கு இத்தனை கிரே என்று அந்த மாதத் தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் எழுதுவாள். இந்த வருடம் சபையில் தேர்தல் சண்டை. காலண்டர் அச்சாகவில்லை. ஜனவரி அளவை ரெஜிஸ்டரில் மட்டும் எழுதி வைத்திருந்தாள்: 360. சுவரில் தொங்கியது போன வருடத்து ஜனவரி. மூலையில் சிவப்பில்: 410.

மூன்றாம் நாள். அபினா வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் குழாயை எத்தனை மணி நேரம் உள்ளே வைப்பது என்று. சுவரைப் பார்த்தாள், பலகையில் 410 என்று எழுதினாள், அடிக்கோடு போட்டாள். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை, மேலே அச்சடித்திருந்த வருடத்தைக் கவனிக்கவும் இல்லை. ஜனவரி மாதம், ஜனவரித் தாள், ஜெஸ்பினின் கையெழுத்து. விடுதியில் இரண்டு வருடம் ஜெஸ்பினின் நோட்டைப் பார்த்துப் படித்தவள் அவள்.

ஜெஸ்பின் கையில் இடுக்கியோடு பின்னால் நின்றாள். “அபினா” என்றாள்.

“நில்லு மக்கா, இத முடிச்சுக்கிடுகேன்.” எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே அபினா பெருமூச்சு விட்டாள். “ஒனக்கென்ன மக்கா. ஒம்பதுக்கு வாற, அஞ்சுக்குப் போற. வீட்டுல மாப்பிள்ள, பிள்ள. நானாக்கும் நாடுநாடா கெடந்து ஓடுகேன். அடுத்த வருசம் வேலை உண்டா இல்லியான்னே தெரியாது.”

அதில் பாதி ஏக்கம், பாதி பயம். ஜெஸ்பினின் காதில் நான்கு வார்த்தைதான் விழுந்தது. ஒம்பதுக்கு வாற, அஞ்சுக்குப் போற.

“என்னவோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல. சாயா குடிக்க வாறியான்னு கேட்டேன்.”

இருவரும் போய்ச் சாயா குடித்தார்கள். பழம்பொரியும் தின்றார்கள். அபினா பழைய விடுதிக் கதை சொல்லிச் சிரித்தாள், ஜெஸ்பினும் சிரித்தாள். மத்தியானம் முதல் குழாய் உள்ளே இறங்கியது. அபினா நினைத்ததைவிடப் பன்னிரண்டு சதவீதம் குறைவாகத்தான் அது கதிரை வாங்கியது.

பத்தொன்பதாம் தேதி புதுக் காலண்டர் வந்தது. ஜெஸ்பின் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். ஆணி வரை போனாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ரெஜிஸ்டருக்குக் கீழே வைத்து மூடினாள்.

5

இங்கே நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். அன்றைக்கு வாயை மூடியதைச் சமாளிக்கலாம், ஒரு கணம், வாய் வரவில்லை என்று. காலண்டரை இழுப்பறையில் வைத்ததை எப்படிச் சமாளிப்பது? இவ்வளவு கெட்டவளா ஜெஸ்பின்?

அவளுக்கு ஒரு நியாயம் தேடினேன். அபினா ஒரு காலத்தில் எபினைக் காதலித்தவள் என்று ஒரு பக்கம் எழுதினேன். ‘மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் எபினின் குடையை’— கிழித்துவிட்டேன். அபினா ஜெஸ்பினின் நோட்டைத் திருடித்தான் அந்த இடத்தை வாங்கினாள் என்று எழுதினேன். அதுவும் பொய். அபினா எந்தத் தப்பும் செய்யவில்லை. அதுதான் ஜெஸ்பினின் கஷ்டமே. தப்பு செய்தவள் மேல் கோபப்படலாம், தீர்ந்துவிடும். நன்றாக இருக்கிறவள் மேல் என்ன செய்வது?

அந்த இடம் கிடைக்காமல் போன அன்றே ஜெஸ்பின் அபினாவின் தலைமுடியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் சரியாகப் போயிருக்கும். அபினாவும் திருப்பி இழுத்திருப்பாள். இருவரும் அழுதிருப்பார்கள். மொத்தமும் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். ஆனால் ஜெஸ்பின் அன்றைக்குச் சிரித்தபடி கைகொடுத்தாள். அப்புறம் வந்ததெல்லாம் சொட்டுச் சொட்டாக. வாட்ஸ்அப்பில் ஒரு பனிக்காலப் படம். மூன்று மாதம் கழித்து ஒரு மாநாட்டுப் படம். ‘பேப்பர் வந்துச்சு மக்கா’ என்று ஒரு செய்தி. ‘அந்த தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைய பாரு’ என்று சபையில் ஒரு பேச்சு. ஒவ்வொன்றும் சின்னது. எந்த ஒன்றுக்காகவும் சண்டை போட முடியாது. பதினைந்து வருடம்.

அது அபினாவைப் போய்ச் சேரவில்லை. கிடைத்ததன்மேல் எல்லாம் ஒட்டியது. எபின் டிவியைச் சத்தமாக வைத்தால் அவனிடம் எரிந்து விழுந்தாள். ஜினி பனி மனிதன் படம் வரைந்து கொண்டுவந்து காட்டியபோது, “நம்ம ஊரில பனி எங்க இருக்கு, பாக்காத்த சாதனத்த எதுக்கு வரையுக?” என்று கேட்டுவிட்டாள். பிள்ளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜெஸ்பின் தேவகுமாரிடம் சொல்லி அழுதது இந்த இடத்தில்தான். 410-ஐச் சொல்லும்போது அழவில்லையாம்.

(இதை எழுதும்போது எனக்கு நினைவு வருகிறது. தேவகுமாரின் ஏழாவது கதை வந்த வாரம் நான் என் தங்கையோடு ஒரு குக்கர் மூடிக்காகச் சண்டை போட்டேன். இன்றுவரை பேச்சு இல்லை.)

6

மார்ச் கடைசியில் எல்லாக் குழாயும் முடிந்தது. அபினா ஒவ்வொன்றாக உடைத்து அளந்தாள். அலைந்துபோய் வேறெதிலோ ஒட்டியது இவ்வளவு, தங்களுக்குள் சேர்ந்தது இவ்வளவு. கூட்டினாள். வெளிநாட்டில் வேகமாகக் கொடுத்துச் செய்த கணக்கோடு ஒப்பிட்டாள். பன்னிரண்டு சதவீதம் குறைந்தது. மறுபடி கூட்டினாள். அதே பன்னிரண்டு.

“மக்கா, கொஞ்சம் ராடிக்கல காணல்ல!” என்று ஆய்வகத்துக்குள் கத்தினாள். கண் பளபளத்தது. “மெதுவா குடுத்தா பன்னெண்டு சதவீதம் எங்கயோ போயிருது. யாரும் இதுவரைக்கும் பாக்காத்த ஏதோ ஒரு வழியில போகுது. எங்க போகுதுன்னு சொல்லிட்டா போரும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

எங்கேயும் போகவில்லை. அவை பிறக்கவே இல்லை. அந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் ஜெஸ்பின். இடுக்கியைத் துடைத்துக்கொண்டு, “கொள்ளாமே, நல்லாருக்கே” என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அபினாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு எபினிடம் அன்பாகப் பேசினாள், கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அபினா அவளைத் தேங்காய்ப்பட்டணத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை விமானம். அபினாவின் அம்மா கிளாரா மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்து, தட்டு நிறைய அள்ளிப் போட்டாள். “நீ இல்லேன்னா எனக்க மோளுக்கு இதெல்லாம் நடக்குமா பிள்ளே? தின்னு, நல்லா தின்னு.”

சாப்பாட்டுக்கு நடுவில் அபினா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். கட்டுரை. தலைப்பில் காணாமல்போன ராடிக்கல்கள். அதன் கீழே இரண்டு பெயர்கள். ஒன்று அபினா. இன்னொன்று ஜெஸ்பின். இரண்டுக்கும் மேலே ஒரே நட்சத்திரக் குறி.

“அந்தக் குறிக்கு அர்த்தம் தெரியுமா? ரெண்டு பேருக்கும் சம பங்குன்னு.”

ஜெஸ்பின் கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே போட்டாள். “நான் என்ன செய்தேன்?”

“ஒனக்க அளவை வச்சுல்லா எல்லாம்.” அபினா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்கு சாருகிட்ட ஒரு எடம்தான் இருந்து. ஒனக்குக் கிடைக்கவேண்டியதாக்கும். எனக்கு அது தெரியும் மக்கா. அதுக்குப் பெறகு ஒனக்க மொகத்த நேரா பாக்க எனக்குப் பேடி. அதாக்கும் சும்மா சும்மா படம் அனுப்பிக்கிட்டே இருந்தேன். நீ ஒரு வார்த்தையாவது திட்டுவேன்னு பாத்தேன். நீ கைகூப்புத பொம்மைய மட்டும் அனுப்புவ.”

கிளாரா இன்னும் இரண்டு மீன் வைத்தாள். ஜெஸ்பின் அதில் ஒன்றைப் பிட்டாள்.

அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. ஒரு இடத்திலும் வந்ததில்லை. இப்போது அது அபினாவின் பெயருக்குப் பக்கத்தில், சமமாக, நட்சத்திரத்தோடு இருக்கிறது. அவள் உண்மையைச் சொன்னால் ஒரே ஒரு பெருக்கல் போதும், காணாமல்போன பன்னிரண்டும் வந்து சேர்ந்துவிடும். தலைப்பு போய்விடும். அபினாவின் வேலையும் போகலாம். இந்த நட்சத்திரமும் போய்விடும். சொல்லாவிட்டால் பொய்க்குக் கீழே அவள் பெயர் என்றென்றைக்கும் நிற்கும்.

“ஒருக்கா நீயும் பாத்துச் சொல்லிரு” என்றாள் அபினா. “ஜனவரி அளவு நானூத்திப் பத்துதானே? செரின்னு சொன்னேன்னா நாளைக்கு பூசை கழிஞ்சதும் அனுப்பிருவேன்.”

மீன் ஒட்டிய கையோடு ஜெஸ்பின் நிமிர்ந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் ‘பஸ் வந்தாச்சு’ என்று எழுந்தேன்.

7

முடிவு இல்லாமல் நூற்றுப் பதினாலு கதையில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. ஆகவே செய்து பார்த்தேன்.

அ. “ஆமா, நானூத்திப் பத்துதான்” என்கிறாள். கட்டுரை வருகிறது. சபையில் பாராட்டு, சால்வை. இரண்டு வருடம் கழித்து எங்கோ ஒருவர் அதே சோதனையைச் செய்து, எதுவும் காணாமல் போகவில்லையே என்று கடிதம் எழுதுகிறார். அபினா ஒவ்வொரு எண்ணாகப் பின்னால் போய்— இதை முடிக்க முடியவில்லை. அபினா பழைய காலண்டரைப் பார்க்கும் காட்சியை எழுத என் கை வரமாட்டேன் என்கிறது.

ஆ. “இல்ல. அது கழிஞ்ச வருசத்து அளவு” என்கிறாள். அபினா அந்த இடத்திலேயே பெருக்குகிறாள். பன்னிரண்டும் வந்துவிடுகிறது. மடிக்கணினியை மூடுகிறாள். பிறகு அபினா கேட்பாள்: “ஒனக்கு இது எப்பம் தெரியும்?” அந்தக் கேள்விக்கு ஜெஸ்பின் என்ன சொல்ல? மூணாம் நாளே தெரியும் என்றா? மீன் வைத்த கிளாராவின் முன்னாலேயா?

இ. “இல்ல, அது கழிஞ்ச வருசத்து அளவு. அய்யோ, எனக்கு இப்பந்தான் ஓர்மை வந்து” என்கிறாள். கட்டுரையும் பொய்யாகாது, தானும் பிழைத்தாள். அபினா அவளைக் கட்டிப்பிடித்து நன்றிகூடச் சொல்வாள். நானாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். இதை எழுதி முடித்ததும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று.

ஈ. எல்லாவற்றையும் சொல்லி, அழுது, மறுநாள் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பதினைந்து வருடமாக மாதம் ஒரு குழாய், ஒரே திரவம், ஒரே மொத்த அளவு, சோதனைக்காக வைத்து எடுத்தது. கோபால்ட் தேயத் தேய ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெதுவாக. நூற்றெண்பது குழாய்களின் கணக்கு. அபினா தேடி வந்தது இந்த நோட்டில் ஏற்கெனவே இருந்தது. இருவரும் சேர்ந்து அதை எழுதுகிறார்கள். தேவகுமார் இப்படித்தான் முடிப்பான், எனக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைப்பார்கள். (அந்த ரெஜிஸ்டர் உண்மையிலேயே இருக்கிறதாம். ஆனால் இருப்பதாலேயே அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள் என்று ஆகிவிடுமா?)

8

இதுவரை எழுதிவிட்டு, அச்சுக்கு அனுப்ப உறையில் விலாசமும் எழுதியாயிற்று. இன்று மத்தியானம் ஃபோன் அடித்தது. தேவகுமார்.

“அக்கா, அந்த ஜெஸ்பின் கதையை எழுதிட்டேன். ஒரு மாசத்தில முடிஞ்சுட்டு, எனக்கே அதிசயம். ஒங்களுக்கு அனுப்பியிருக்கேன், வந்தாச்சா?”

வந்திருந்தது. அவன் லைனில் இருக்கும்போதே திறந்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு வரி: ‘அக்காவுக்கு’ என்று என் பெயரைப் போட்டிருந்தான்.

“எதுக்குடே இது?”

“அன்னைக்கு நீங்கதானே மொதல்ல கேட்டீங்க. ஒங்ககிட்ட சொன்ன பெறகுதான் எனக்கே இது கதைன்னு பட்டு. நாளைக்கு அனுப்பணும்க்கா. ஒருக்கா வாசிச்சு, தப்பு எதாவது இருந்தா சொல்லுங்கோ. அந்த ராடிக்கல் சமாச்சாரம் செரிதானான்னு மட்டும் பாத்திருங்கோ. நீங்க செரின்னா செரி.”

நாலாவது பத்தியில் கண் போய் நின்றது. ‘வேகமாகக் கொடுத்தால் அவை ஒன்றையொன்று காணாமல் அலையும். மெதுவாகக் கொடுத்தால் நிதானமாகச் சந்தித்துத் தங்களுக்குள் அடங்கும்’ என்று எழுதியிருக்கிறான். தலைகீழ். எனக்குச் சரியாகச் சொன்னவன், எழுதும்போது மாற்றிவிட்டிருக்கிறான். நிதானமாக எழுதுகிறவனுக்கு நிதானத்தின்மேல் உள்ள பிரியம் போலிருக்கிறது. மூன்றாம் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, உங்களுக்கும் இப்போது தெரியும். இது இப்படியே அச்சில் வந்தால், விஷயம் தெரிந்தவன் ஒருவன் சிரித்தால் போதும், அவனுடைய பத்தாவது கதை போயிற்று.

ஜெஸ்பின் என்ன சொன்னாள் என்பது அவன் அனுப்பியதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் தெரிந்துவிடும். நான் தள்ளவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தாலும் அது அவளைப் பார்த்துச் செய்ததாகிவிடும்.

அதனால் உங்களிடம் விடுகிறேன். கிளாராவின் வீட்டில், மீன் ஒட்டிய கையோடு, ஜெஸ்பின் என்ன சொன்னாள்? அ, ஆ, இ, ஈ, இல்லை எனக்குத் தோன்றாத வேறொன்று. நீங்கள் அவள் வாயில் எதை வைக்கிறீர்களோ, அதையே நான் இவனிடம் சொல்லிவிடுகிறேன். சத்தியம். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

“அக்கா” என்கிறான். “லைன்ல இருக்கீங்களா?”